நான் நார்மல் என்று எழுதிய இதயம்

எக்கோ அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் என்மேல் கோபமாக இருக்கிறீர்களாம். கோபம் என்மேல்தான் என்பது உங்களுக்கே தெரியாது என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். அறிக்கையை அச்சிடப் போனால் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கட்டம்: ‘நோயாளியும் கூட வந்தவரும் சொன்னது.’ அதை நிரப்பாவிட்டால் காகிதம் வெளியே வராது. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது இது பெரிய இம்சை. “இத வச்ச புண்ணியவான் யாரு?” என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். புண்ணியவான் இல்லை, புண்ணியவதி. நான்தான்.

அதை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். பாதிப் பேர் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போகிறீர்கள். ஒருவர் எல்லோருக்கும் ‘ஒன்றுமில்லை’ என்று போடுகிறார். இன்னொருவர் ஒரு நாள் முழுக்க வந்த எல்லோருக்கும் ‘நன்றாகச் சாப்பிடுகிறார்’ என்று எழுதியிருக்கிறார். அதில் ஒருவர் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவர். எழுதியவர் யார் என்று கேட்க மாட்டேன், அவருடைய தன்னம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஓய்வு பெற்றுவிட்டேன். நாசரேத்தில் வீட்டைச் சுற்றி முருங்கை வைத்திருக்கிறேன், இப்போது அதுதான் என் வார்டு. உங்களுக்கு வகுப்பெடுக்க மாதம் இரண்டு முறை தூத்துக்குடிக்கு வரும்போது இந்தக் கதையைச் சொல்ல நேரம் போதுவதில்லை. கொஞ்சம் வெட்கமும் உண்டு. எழுதும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது நடந்தது. திரேஸ்புரத்திலிருந்து ரீகன் என்று ஒருவன் வந்தான். முப்பத்தாறு வயது, சங்கு குளிப்பவன். கடலடியில் உள்ள பாறைத் திட்டைப் ‘பார்’ என்பார்கள். அங்கே இறங்கிச் சங்கு எடுக்கும்போது ஒருநாள் கணுக்காலுக்கு மேலே பாறை கிழித்துவிட்டது. நீங்களும் நானுமாக இருந்தால் ஊசி போட ஓடுவோம். ரீகனுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் கடல் தண்ணீர்தான் மருந்து. ‘உப்புத்தண்ணி பட்டா தானா ஆறிரும்’ என்று மேலும் ஆறு நாள் அந்தக் காலோடு இறங்கியிருக்கிறான். கரைக்கு வந்தால் காயத்தில் காப்பித்தூள். ஏழாவது நாள் குளிர் நடுக்கம். ஒன்பதாவது நாள் பெண்டாட்டியின் பெயர் தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கி, ஐ.சி.யு.வில் வந்து விழுந்தான்.

காயத்தில் ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போயிருந்தது. அதை எப்படி அடக்கினார்கள் என்று விவரிக்க மாட்டேன், அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. வார்டில் இருந்த டாக்டர்களும் நர்சுகளும் ஒரு மாதம் அவனோடு மல்லுக்கட்டினார்கள். அவன் எழுந்தான். எழுந்ததும் முதலில் கேட்டது மீன் குழம்பு. அன்றைக்கு வார்டே சிரித்தது.

வீட்டுக்கு அனுப்பும் முன் இதயத்தை எக்கோவில் படம் பார்க்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்கள். சீட்டில் ஒரே ஒரு கேள்வி: ‘வால்வில் தொற்று இருக்கிறதா?’

அன்றைக்கு என் தம்பி மகளுக்குக் கல்யாணம். பன்னிரண்டு மணிக்கு நாசரேத் கோயிலில் நான் இருக்க வேண்டும். வெள்ளைக் கோட்டுக்குள்ளே பட்டுப் புடவை கட்டி, தலையில் பூவும் வைத்துக்கொண்டுதான் எக்கோ பார்த்தேன். ஜெல் புடவையில் பட்டுவிடாமல் நெஞ்சில் வைக்கும் ப்ரோபைப் பிடிப்பது ஒரு தனிக் கலை, அதில் கவனம் முழுவதும் போயிற்று.

ரீகனை மேசையில் படுக்கவைத்து, வழக்கம்போல இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினான். உடனே பழையபடி மல்லாந்துவிட்டான்.

“என்ன தம்பி?”

“இடப்பக்கம் படுத்தா உள்ள எவனோ கதவத் தட்டுத மாதிரி இருக்கு டாக்டரம்மா.”

“இருதயம்னா தட்டத்தான் செய்யும். தட்டலன்னாத்தான் நான் பயப்படணும்.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டு, அவனை மல்லாக்க வைத்தே மீதியைப் பார்த்து முடித்தேன். மெலிந்த உடம்பு, படம் கண்ணாடி மாதிரி வந்தது. வால்வுகள் நான்கும் சுத்தம். கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பேர் சூசை, ரீகனின் மனைவிக்கு அண்ணன். கனத்த மனிதர், கைவிரல் ஒவ்வொன்றும் வாழைக்காய். சங்கு குளிக்கும் படகில் அவருக்கு ஒரே வேலைதான். தண்ணீருக்குள் இருப்பவனுக்குக் காற்று, படகில் இருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே போகும். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் சூசை. இந்தக் கரையில் அந்தக் கயிற்றை யார் கையிலும் கொடுத்துவிட மாட்டார்கள். மச்சான்தான் பிடிக்க வேண்டும். கீழே போனவனுக்கு ஒன்று ஆனால் தாலி இழப்பது தன் கூடப்பிறந்தவள் என்று தெரிந்தவன் கண்ணை மூட மாட்டான் என்பது கணக்கு.

“டாக்டரம்மா, இவன் மூச்சு சரியில்ல,” என்றார் சூசை.

“எப்படிச் சொல்லுதிய?”

“பதினாறு வருசமா இவன் மூச்ச நான் கையில புடிச்சிருக்கேன். நேத்து படியேறி வரும்போது பாத்தேன். இழுத்து விடுததுல ஒரு தட்டு தட்டுது.”

நான் மணியைப் பார்த்தேன். பதினொன்று பத்து. “அண்ணாச்சி, மூச்ச நாங்க மெஷின்ல பாத்தாச்சு. மெஷின் நல்லாருக்குன்னு சொல்லுது,” என்றேன். ஒரு பொத்தானை அழுத்தினால் நார்மல் அறிக்கை முழுசாக வந்து விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அழுத்தினேன். கையெழுத்துப் போட்டேன். கல்யாணத்துக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

சூசை அந்தக் காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து, காலை எட்டு மணிக்கு ஒரு வகுப்பு. புதிதாக வந்தவர்களுக்கு ‘நார்மல் இதயம் எப்படி இருக்கும்’ என்று காட்ட வேண்டும். சேமித்து வைத்த படங்களில் எது தெளிவாக இருக்கிறது என்று தேடினேன். ரீகனுடையது அகப்பட்டது. பெயரை மறைத்துவிட்டு, “பிள்ளைகளா, இதுதான் நார்மல். நல்லாப் பாத்துக்கிடுங்க,” என்று ஓடவிட்டேன். பன்னிரண்டு பேர் நல்லாப் பார்த்துக்கொண்டார்கள். தலையை ஆட்டினார்கள். சிலர் குறிப்பெடுத்தார்கள்.

பத்து நிமிடம் கழித்து ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். இப்போது உங்களுக்கெல்லாம் அவள் சீனியர். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவாள். பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவள், அன்றைக்கு பஸ் தாமதம். “எட்டுன்னா எட்டு. இதயம் உனக்காக நிக்குமா?” என்று நாலு பேர் முன்னால் நன்றாகத் திட்டினேன். அவள் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். திரையில் ஒரு சின்னத் துண்டு ஓடிக்கொண்டிருந்தது. ரீகன் இடப்பக்கம் திரும்பிய அந்த ஒரே நொடி. கை பழக்கத்தில் நான் சேமித்து வைத்திருந்தது.

“மேடம், பின்னால அந்தக் கறுப்பு என்ன?”

“கொஞ்சம் நீர். தொற்று வந்தா இதயத்தைச் சுத்தி நீர் கோக்கும். வத்திரும்.”

“நீர்னா ஒரே அளவா இருக்கணும்லா மேடம்? இது சுருங்கும்போது பெரிசாகுது.”

திரும்பிப் பார்த்தேன். இதயம் சுருங்கியது, கறுப்பு வீங்கியது. இதயம் விரிந்தது, கறுப்பு ஒடுங்கியது. இடது கீழறையின் பின் சுவரில், வால்வுக்குக் கீழே, சிறிய ஒரு வாய். அதன் வழியாக ரத்தம் வெளியே போய் வந்துகொண்டிருந்தது.

கிருமி சுவரைத் தின்று ஓட்டை போட்டிருக்கிறது. ஓட்டை வழியே வந்த ரத்தத்தை வெளியே கொட்டிவிடாமல் பிடித்து வைத்திருப்பது இதயத்தைச் சுற்றிய மெல்லிய உறை மட்டுமே. இதற்கு சூடோ அனியூரிசம் என்று பெயர். சூடோ என்றால் பொய். பொய் பெயரில்தான், ஆபத்து முழுக்க நிஜம். உறை விட்டுக்கொடுத்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். தொற்றால் சுவர் இப்படிப் பொத்துக்கொள்வது மிக அபூர்வம், அதுவரை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்தபோதும் பார்க்கவில்லை. நார்மல் என்று முத்திரை குத்தி, வகுப்பில் வேறு காட்டிக்கொண்டிருந்தேன்.

கவனியுங்கள். அவள் வருமுன் அந்த அறையில் பதின்மூன்று ஜோடிக் கண்கள், என்னுடையதையும் சேர்த்து. எல்லோரும் கெட்டிக்காரர்கள். ‘இதுதான் நார்மல்’ என்று நான் சொல்லி முடித்த பிறகு யாருக்கும் கண் தெரியவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்காதவள் ஒருத்திதான் பார்த்தாள். பஸ் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் அவளும் தலையாட்டியிருப்பாள். அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸை நான் குறை சொல்வதில்லை.

கேஸ் ஷீட்டை எடுத்து அதில் இருந்த எண்ணுக்கு அடித்தேன். ரீகனின் மனைவி மரிய செல்வி எடுத்தாள்.

“அவிய கடலுக்குப் போயிட்டாவ டாக்டரம்மா. இன்னைக்குத்தான் மொத நாளு. நீங்கதான நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்திய? அதான் அண்ணனும் சரின்னுட்டாவ. விடியும் முன்ன போயாச்சு.”

சங்கு குளிப்பவன் கீழே போகும்போது என்னென்ன செய்வான் என்று யோசித்தேன். உதைத்து நீந்துவான். பாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். சங்குப் பையைத் தூக்குவான். ஒவ்வொன்றும் அந்த மெல்லிய உறையில் விழும் அடி. அவளிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல் சூசையின் எண்ணையும் படகு ஓட்டுபவரின் எண்ணையும் வாங்கினேன்.

இதற்குள் சேதி தெரிந்து நிர்வாகத்திலிருந்து ஒருவர் ஓடி வந்தார். நல்ல மனிதர், எனக்காகத்தான் பயந்தார். “மேடம், தப்புன்னு வாயத் தொறந்துராதீங்க. ரெவ்யூவுக்கு வரச் சொல்லுங்க. அது போதும்,” என்றார். எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. ரெவ்யூ. எவ்வளவு சாதுவான சொல்.

சூசையை அழைத்தேன். நல்லவேளை, மணி அடித்தது.

“சூசை அண்ணாச்சி, ரீகனுக்கு இன்னொரு தடவை எக்கோ பாக்கணும். ரெவ்யூவுக்குக் கூட்டிட்டு வாங்க.”

“சரி டாக்டரம்மா. சாயங்காலம் கரைக்கு வந்ததும் நேர கூட்டிட்டு வாரேன். இப்பத்தான் எறங்கப் போறான்.”

“இல்ல, இப்பமே...”

இணைப்பு அறுந்துவிட்டது. படகு நின்ற தீவுப் பக்கம் சிக்னல் வரும், போகும். மறுபடி அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும், மறுபடியும். நான் சூசைக்கும், தாமதமாக வந்தவள் படகு ஓட்டுபவருக்குமாக இரண்டு போனில் அடித்துக்கொண்டே இருந்தோம். கிடைத்த ஒரே அழைப்பை ஒரு சாதுவான சொல்லுக்குச் செலவழித்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

போன் கிடைக்காத அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. சூசைக்கு முன்பே தெரியும். மூச்சு சரியில்லை என்று வாசலில் நின்று சொன்னவர் அவர். பிறகு ஏன் ரீகனைக் கடலில் இறங்க விட்டார்? என் காகிதத்தை நம்பினார். பதினாறு வருடம் கயிறு பிடித்த தன் கையைவிட என் கையெழுத்தைப் பெரிதாக நினைத்தார். நான் ரெவ்யூ என்று சொன்னால் அவர் சாயங்காலம்தான் வருவார். காகிதம் தப்பு என்று நான் வாயால் சொன்னால்தான் அவருக்குத் தன் கைமேல் மறுபடி நம்பிக்கை வரும்.

“மேடம், ரிங் போவுது!” என்று அவள் போனை என் காதில் வைத்தாள். படகு ஓட்டுபவர் எடுத்தார். சூசையிடம் கொடுக்கச் சொன்னேன்.

“அண்ணாச்சி, குறுக்க பேசாம கேளுங்க. நான் தப்பா எழுதிட்டேன். அந்த ரிப்போர்ட் தப்பு. மூச்சு சரியில்லன்னு நீங்க சொன்னியள்லா, அதுதான் சரி. ரீகன் இருதயச் சுவர்ல ஓட்டை இருக்கு. அவன் எங்க?”

கம்ப்ரசர் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது.

“தண்ணிக்குள்ள. எட்டுப் பாகம், அம்பதடி ஆழம் இருக்கும். இப்பத்தான் தரை தொட்டான்.”

“கயிறு யாரு கையில?”

“எங்கையிலதான் இருக்கு.”

“அவன் நீந்தக் கூடாது. ஒதைக்கக் கூடாது. நீங்களே மெதுவா இழுங்க. படகுல ஏறவும் விடாதீங்க, ரெண்டு மூணு பேராத் தூக்குங்க.”

“சரி,” என்றார். “அப்ப அன்னைக்கு எனக்குத் தோணுனது சரிதானா?” என்று கேட்டார்.

“சரிதான். நான்தான் தப்பு.”

போனை எங்கோ வைத்தார். அணைக்கவில்லை. மூன்று முறை கயிற்றைச் சுண்டினால் மேலே வா என்று அர்த்தமாம், ஏன் என்று கேட்கக் கூடாதாம். தண்ணீருக்குள் கேட்க வாயும் கிடையாது. நான் காதை அழுத்திக்கொண்டு நின்றேன். மோட்டார், அலை, “மெதுவா, மெதுவா” என்ற சூசையின் குரல். வகுப்பில் இருந்த அத்தனை பேரும் என்னைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். ஜெபம் பண்ணினேன். உங்களிடம் மறைப்பானேன், அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

பிறகு தண்ணீர் சிதறும் சத்தம். கூடவே ரீகனின் கோபமான குரல்: “ஏன்டே இழுத்த? கண்ணு முன்னால ரெண்டு சங்கு கெடந்துச்சு!”

நாங்கள் சிரித்தோமா அழுதோமா என்று தெரியவில்லை. அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரீகன் போனை வாங்கினான். “டாக்டரம்மா, நான் என்ன சாவப் போறனா?”

“இன்னைக்குச் சாவக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன். படகுல வலப்பக்கமாப் படு. எந்திரிக்கவே கூடாது.”

“அப்ப கதவத் தட்டுனது யாரு?”

“உன் ரத்தம்தான் தம்பி. நீ சொன்னத நான் கேக்கல. மன்னிச்சுக்கோ.”

“சரி, கேட்டாச்சுல்லா,” என்றான்.

படகு ஓட்டுபவர் முழு வேகத்தில் வருகிறேன் என்றார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் வேகமாக வந்தால் படகு அலைக்கு அலை எகிறி விழும், உள்ளே படுத்திருப்பவன் நெஞ்சிலும் அது விழும். “மெதுவா வாங்க. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல,” என்றேன். நெருக்கடியில் ஓடு என்று சொல்வது சுலபம், யாரும் சொல்லிவிடலாம். மெதுவாக வா என்று சொல்லிவிட்டு இரண்டரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரத்தில் மதுரையில் இருந்த இதய அறுவை நிபுணரிடம் பேசினேன். படத்தை அனுப்பினேன். “உடனே கொண்டு வாங்க. வழியில ரத்தத்தை இளக்குற மருந்து எதுவும் குடுத்துறாதீங்க,” என்றார். ஆம்புலன்சோடு திரேஸ்புரம் கரைக்குப் போய் நின்றேன். மீன் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். வெள்ளைக் கோட்டோடு ஒரு பொம்பளை ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிற்கவும் ஏலத்தை விட்டுவிட்டுக் கூட்டம் கூடிவிட்டது.

படகு வந்தது. ரீகன் எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்தான்.

“ஸ்ட்ரெச்சர்ல எல்லாம் போவ மாட்டேன். ஊரே பாக்குது. நடந்தே வாரேன்.”

நான் கெஞ்சினேன். டாக்டர் குரலில் அதட்டினேன். கரைக்கு ஓடி வந்திருந்த மரிய செல்வி அழுதாள். அவன் ஒரு காலைப் படகுக்கு வெளியே வைத்துவிட்டான். ஒரு காலை வெளியே வைத்தால் அடுத்தது முழங்கால் தண்ணீரில் குதிப்பு.

சூசை கையில் இருந்ததை மூன்று முறை சுண்டினார். அப்போதுதான் கவனித்தேன். ரீகன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவர் அவிழ்க்கவே இல்லை. இரண்டரை மணி நேரமும் மறுமுனையைக் கையில் சுற்றியபடியே வந்திருக்கிறார்.

“ஏலே, கயிறு இன்னும் எங்கையிலதான் இருக்கு. நீ இன்னும் கரையேறல. படு.”

ரீகன் அவரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். காலை உள்ளே எடுத்துப் படுத்தான். நான்கு பேர் அலுங்காமல் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். கயிற்றோடுதான் ஆம்புலன்சில் ஏற்றினோம். சூசையும் ஏறினார், நானும் ஏறினேன். மதுரை போய்ச் சேரும்வரை ஒருத்தரும் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. அறுவை அரங்கின் வாசலில் ஒரு நர்ஸ்தான் கத்தரிக்கோலை எடுத்தாள். “வெட்டாதம்மா,” என்று சூசை தானே அவிழ்த்துச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

ஓட்டையை ஒட்டுப் போட்டு மூடினார்கள். வெளியே வந்த அறுவை நிபுணர் என்னிடம் சொன்னார்: “தொற்று வந்ததால உறை இதயத்தோட ஒட்டிப் போயிருந்துச்சு மேடம். அந்த ஒட்டுதான் இவ்வளவு நாள் புடிச்சு வச்சிருந்தது. ஓரத்துல பிரிய ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கொஞ்ச நாள் தண்ணியில எறங்கியிருந்தா நாம இதப் பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்.” சுவரைத் தின்றதும் அதே கிருமி, உறையை ஒட்டவைத்து அவனைக் காப்பாற்றியதும் அதே கிருமி. நான் எழுதிய காகிதம்தான் எந்த உதவியும் செய்யவில்லை.

திரும்பி வந்து பழைய அறிக்கையை அழிக்கவில்லை. அதற்குக் கீழே, ‘மேலே உள்ளது தவறு, நான் கவனிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிர்வாகத்து மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். வானம் இடிந்து விழவில்லை. ரீகன் வீட்டிலிருந்து என்மேல் புகார் வரும் என்று காத்திருந்தேன். ஒரு கூடை நண்டு வந்தது.

கம்ப்யூட்டர் ஆட்களைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தை வைக்கச் சொன்னதும் அந்த வாரம்தான். நார்மல் பொத்தானை எடுத்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். வேண்டாம், அது பாவம், என்ன செய்யும்? அதை அழுத்தும் கைதான் அவசரப்படுகிறது. அந்தக் கைக்கு ஒரு நிமிடம் வேறு வேலை கொடுத்தால் போதும் என்று தோன்றியது. சீட்டில் இருக்கும் கேள்வியை டாக்டர் கேட்டிருப்பார். நோயாளி சொல்வது சீட்டில் வராது. அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

ஒரு வருடம் கழித்து ரீகன் மறு பரிசோதனைக்கு வந்தான். கடலில் இறங்கக் கூடாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். இப்போது சூசையின் தம்பி இறங்குகிறான். முறைப்படி மச்சான்தானே பிடிக்க வேண்டும், அவனுக்குக் கயிறு பிடிப்பது ரீகன். “மேல இருக்கது கீழ இருக்கதவிடக் கஷ்டம் டாக்டரம்மா. கண்ணச் சிமிட்ட முடியல,” என்று அலுத்துக்கொண்டான்.

இடப்பக்கம் திரும்பச் சொன்னேன். திரும்பினான். அப்படியே கிடந்தான். எல்லாப் பக்கமும் பார்த்தேன், பின் சுவரை மூன்று தடவை பார்த்தேன். ஒட்டு உறுதியாக இருந்தது. கறுப்பு எதுவும் இல்லை. கை தானாக நார்மல் பொத்தானுக்குப் போயிற்று. கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. கட்டம் காலியாக இருந்தது.

“தம்பி, உள்ள எப்படி இருக்கு?”

“இப்ப எவனும் தட்டல.”

வாசலில் சூசை நின்றுகொண்டிருந்தார். “மெஷின் என்ன சொல்லுது டாக்டரம்மா?” என்றார்.

“அது கெடக்கட்டும். மொதல்ல நீங்க சொல்லுங்க.”

உள்ளே வந்தார். மேசை அருகே நின்று, ரீகனின் முதுகில் தன் பெரிய கையை வைத்தார். அவன் மூச்சை இழுத்தான், விட்டான். மறுபடி இழுத்தான், விட்டான். சூசை அவசரப்படவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள், நானும் காத்திருந்தேன்.

“சரியா இருக்கு,” என்றார்.

கட்டத்தில் அதை எழுதினேன்: ‘நோயாளி: இப்ப எவனும் தட்டல. மச்சான்: மூச்சு சரியா இருக்கு.’ பிறகு பொத்தானை அழுத்தினேன். காகிதம் வெளியே வந்தது.